கடல் அலங்கார மீன்களின் ஒட்டுண்ணி நோய்க்கு மயில்துத்தச் சிகிச்சை

மயில்துத்தம் என்னும் நீலக் கல்லை அறியாத விவசாயி இரார். பாக்குத் தோப்பில் மஹாளி நோய் கண்டவிடத்தும், திராட்சைப் பந்தலில் அடிச்சாம்பல் நோய் தோன்றிய காலத்தும் அதனைச் சுண்ணாம்புடன் கூட்டிப் போர்டோக் கலவையாகத் தெளிப்பது நெடுநாளைய வழக்கம். அதே தாமிரச் சரக்கு, கடல் நீர்த் தொட்டிகளில் வளர்க்கப்படும் அலங்கார மீன்களின் செவுளையும் தோலையும் பற்றும் ஒட்டுண்ணிகளை ஒழிப்பதற்கும் உபயோகமாகிறது என்பதைப் பலர் அறியார். அறிந்தவர்களுள்ளும் பலர், பயிருக்குத் தெளிக்கும் மனப்பான்மையுடனேயே அதனைத் தொட்டியில் இட்டு, நோயோடு மீனையும் இழந்திருக்கின்றனர்.

கடற்கரை ஜில்லாக்களில் நிலம் உடையவர்கள் சிலர் கோமாளி மீன் முதலிய கடல் அலங்கார மீன்களை உபதொழிலாக வளர்க்க விரும்புகின்றனர். மண்டபம் கேம்பிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கோமாளி மீன் வகைகளைத் தொட்டியிலேயே இனவிருத்தி செய்யும் முறை வகுக்கப்பட்டிருப்பதால் இத்தொழிலுக்கு இடமுண்டு. ஆனால் இதில் முதல் எவ்விடத்தில் நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆணும் பெண்ணும் ஒன்றோடொன்று பழகி ஜோடி சேர்ந்து முட்டையிடத் தொடங்குவதற்குப் பல மாதங்கள் செல்லும். அவ்விதம் பழகிய ஜோடிகள் பத்து நிற்கும் தொட்டி வரிசையில், வெளியிலிருந்து வாங்கிய புது மீன் ஒன்றை அன்றைய தினமே விட்டால், ஒரே வாரத்தில் வரிசை முழுவதும் காலியாதல் கூடும். தொட்டியும் குழாயும் மறுபடி வாங்கத்தக்கவை. கழிந்த மாதங்களை வாங்க இயலாது.

ஆகவே, புதிதாக வரும் மீன் எதுவாயினும், எவரிடமிருந்து வந்ததாயினும், முதலில் தனித் தொட்டி ஒன்றில் காவல் வைக்கப்பட வேண்டும். இம்முறை நம் நாட்டாருக்குப் புதியதன்று. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளரை, தொற்று நோய் உடன் செல்லாவண்ணம், முகாமில் நிறுத்தி வைத்துப் பார்த்த பின்னரே கப்பலேற்றினர். மண்டபம் கேம்ப் என்ற பெயரிலுள்ள ‘கேம்ப்’ அம்முகாமின் நினைவே. அதே ஊரில் இந்நாளில் மீன்களுக்குக் காவல் வைக்கும் ஆராய்ச்சியும் நடைபெறுவது பொருத்தமான தற்செயல் எனலாம்.

நோய் தரும் உயிர்கள்

கடல் மீன்களைத் தொட்டியில் கொல்லும் ஒட்டுண்ணிகள் பல வகைப்படினும், தாமிரத்துக்குக் கட்டுப்படுபவற்றுள் இரண்டே பெரும்பான்மையான சேதத்துக்குக் காரணமானவை. ஒன்று கிரிப்டோகாரியான் எனப்படுவது. இதனால் உண்டாவது வெண்புள்ளி நோய். மற்றது அமிலூடினியம் எனப்படுவது. இதனால் உண்டாவது வெல்வெட் நோய். முன்னது உடலெங்கும் நுண்மயிர் உடைய ஓரணு உயிர். பின்னது கடலில் மிதக்கும் ஒருவகை நுண்பாசிகளின் இனத்தைச் சேர்ந்தது. புல்லுருவி மாங்கிளையில் வேர் செலுத்துவது போலச் செவுளில் வேர் போன்ற இழைகளைச் செலுத்தி உணவு உறிஞ்சும்.

வெண்புள்ளி நோயில் மீனின் உடலிலும் செட்டைகளிலும் உப்புக் கல் ஒட்டியது போன்ற வெண்மையான புள்ளிகள் தெளிவாகத் தெரியும். மீன் தன் உடலைத் தொட்டியின் சுவரிலும் குழாயிலும் உரசிக் கொள்ளும். வெல்வெட் நோய் இவ்வளவு வெளிப்படையானதன்று. அது முதலில் செவுளைப் பற்றுவதால், வெளியே யாதொரு குறியும் தோன்றுமுன்னரே மீன் வாய் திறந்து மேல்மூச்சு வாங்கும், காற்றுக் குமிழி எழும் இடத்தை நாடி நிற்கும், இரையை வெறுக்கும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் தோலின்மேல் மங்கிய பொன்னிறத் தூசி படிந்திருப்பது தெரியலாம். அது தெரியும் வரை பொறுத்திருப்பவர்க்குப் பெரும்பாலும் சிகிச்சை செய்ய மீன் எஞ்சுவதில்லை. மேல்மூச்சு வாங்கும் மீனைக் கண்டவுடன், தோலையும் செவுளையும் சிறிது சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டுவதே அறிவுடைமை. நீரில் நஞ்சு ஏறினாலும் இதே போன்ற மூச்சிரைப்பு உண்டாகும் என்பதால், காணாது மருந்திடுதல் சில வேளை நோயில்லாத மீனுக்கு நஞ்சிடுதலாகவே முடியும்.

இவ்விரண்டு உயிர்களின் வாழ்க்கை வட்டத்தைச் சற்று விரிவாகவே அறிந்து கொள்ள வேண்டும். சிகிச்சையின் விதிகள் அனைத்தும் அதிலிருந்தே பிறக்கின்றன. வெண்புள்ளி உயிர் மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து மூன்று முதல் ஏழு நாள் வரை உண்டு பெருக்கும். பின்னர், பெரும்பாலும் இருட்டு வேளையில், மீனை விட்டு நீங்கித் தொட்டியின் அடியிலோ சுவரிலோ ஒட்டித் தன்னைச் சுற்றி உறுதியான கூடு ஒன்றை அமைத்துக் கொள்ளும். கூட்டுக்குள் அது பலவாகப் பிளவுபட்டு, சில நாட்களில் ஏறத்தாழ 200 வரையிலான குஞ்சுகளாக வெளிப்படும். இக்குஞ்சுகள் நீரில் நீந்தி மீனைத் தேடும். ஒன்றிரண்டு நாட்களுக்குள் மீன் கிடைக்கவில்லையாயின் மடியும். வெல்வெட் உயிரின் வட்டமும் இதே மாதிரியானதே. அதன் கூட்டிலிருந்து 256 வரை நீந்தும் வித்துக்கள் வெளிப்படும். வெப்பமான நீரில் இவை மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள்ளாகவே வெளிவந்து விடுமாதலின் இந்நோய் பரவும் வேகம் அதிகம்.

தாமிரம் கொல்வது நீந்தும் பருவத்தை மட்டுமே. தோலுக்கு அடியிலிருக்கும் உயிரை மீனின் தோலே காக்கின்றது; கூட்டுக்குள் இருப்பதைக் கூடு காக்கின்றது. சோளக் கொல்லையில் சுடுமல்லியைப் பிடுங்கிய பின்னும் அதன் விதை மண்ணில் கிடந்து மறு போகத்தில் முளைப்பதை விவசாயிகள் கண்டிருப்பர். அதுபோலவே கூடுகளும் காலம் பார்த்துக் கிடக்கும். எல்லாக் கூடுகளும் ஒரே நாளில் திறப்பதில்லை. சில மூன்றாம் நாளும், சில நான்காம் வாரமும் திறக்கும். எனவே, மருந்திட்ட நான்காம் நாள் புள்ளிகள் யாவும் மறைந்தது கண்டு நோய் தீர்ந்ததென மகிழ்வது தவறு. புள்ளி மறைந்தது உயிர் மடிந்ததனாலன்று. அது மீனை விட்டிறங்கிக் கூடு கட்டச் சென்றதனால். இந்த ஒரு செய்தியை அறியாமையால் இழக்கப்பட்ட மீன்கள், மருந்தே இடாமையால் இழக்கப்பட்டவற்றினும் குறைந்தனவல்ல.

அமிலூடினியத்தை லண்டன் மிருகக்காட்சிச் சங்கத்தின் மீன் காட்சிச்சாலையில் கண்டு 1931-இல் விவரித்தவர் ஈ. எம். பிரவுன் என்னும் அம்மையார். வெண்புள்ளி உயிருக்கு 1951-இல் பெயரிட்டவரும் அவரே. அமெரிக்காவில் ஸான்பிரான்ஸிஸ்கோ நகரத்து ஸ்டைன்ஹார்ட் மீன் காட்சிச்சாலையைச் சார்ந்த டெம்ப்ஸ்டர் என்பவர் வெல்வெட் நோய்க்கு மயில்துத்தம் இடும் முறையை 1955-இல் வெளியிட்டார். அதன் பின்னர் வேறு மருந்துகள் பல வந்தும், தாமிரம் இன்றளவும் வழக்கொழியவில்லை.

வெறுந்தொட்டி

சிகிச்சைத் தொட்டி கண்ணாடியாலோ பிளாஸ்டிக்காலோ ஆகியதாய், அடியில் மணலோ கல்லோ சிப்பியோ இல்லாததாய் இருக்க வேண்டும். மீன் ஒளிந்து கொள்வதற்கு இரண்டு மூன்று பி.வி.சி. குழாய்த் துண்டுகள் போதும். அழகுக்காகப் பவளக் கல்லை வைத்தலாகாது. இதன் காரணம் போர்டோக் கலவை செய்தவர்க்கு எளிதில் விளங்கும். மயில்துத்தக் கரைசலில் சுண்ணாம்பு சேர்ந்ததும் தாமிரம் நீரில் கரைந்து நிற்காமல் நீலத் திப்பியாகப் பிரிகின்றது. அதனாலேயே அது இலையைச் சுடாமல் மேலே படிந்து நிற்கின்றது. பவளக் கல், சிப்பி, கடல் மணல் யாவும் சுண்ணச் சத்து மிக்கவையே. இவை தொட்டியிலிருந்தால், இட்ட தாமிரத்தை இழுத்துக் கொண்டு நீரை வலுவிழக்கச் செய்யும். வயலில் வேண்டி விரும்பிச் செய்யும் காரியம் தொட்டியில் வேண்டாமலே நடந்துவிடும். இதனினும் கேடான செய்தி, இழுத்துக் கொண்ட தாமிரத்தை அவை பிற்காலத்தில் எதிர்பாராத வேளையில் நீருக்குத் திருப்பித் தருதலும் உண்டு என்பதாம். அன்றியும், பவளங்களை வைத்திருப்பதே 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அவையும் கடற்குதிரைகளும் அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்க்கப்பட்டன. கரையோரக் கிராம அலுவலர்கள் இதனை மக்களுக்கு எடுத்துரைப்பது நலம்.

நீர் வடிகட்டும் கருவியில் கரி இருக்குமாயின் அதனையும் நீக்கிவிட வேண்டும். கரி தாமிரத்தை உறிஞ்சிக் கொள்ளும். பழகிய பஞ்சு வடிகட்டி ஒன்றை, ஆரோக்கியமான தொட்டியில் சில வாரம் ஊற வைத்திருந்து இங்கு மாற்றுவது நல்லது. மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவைச் சிதைக்கும் நன்மை தரும் நுண்ணுயிர்கள் அதில் குடியிருக்கும். இடைவிடாது காற்றுச் செலுத்துதல் அவசியம். செவுள் புண்பட்ட மீனுக்கு மூச்சே முதல் மருந்து.

அளவு

கடல் நீரில் கரைந்து நிற்கும் தாமிரம் லிட்டருக்கு 0.15 மில்லிகிராமுக்குக் குறையாமலும் 0.20 மில்லிகிராமுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். குறைந்தால் ஒட்டுண்ணி பிழைக்கும். மிகுந்தால் மீன் வருந்தும். நூற்றுக்கு ஒன்று வீதமுள்ள போர்டோக் கலவையில் லிட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 2,500 மில்லிகிராம் தாமிரம் உண்டு. அதனோடு ஒப்பிட்டால் மீனுக்குரியது 12,500-இல் ஒரு பங்கே. கைநிதானமும் கண்நிதானமும் இவ்விடத்தில் பயன்படா.

முதலில் தொட்டியிலுள்ள நீரின் அளவைச் சரியாகக் காண வேண்டும். நீர் நிற்கும் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். நீளம் 80, அகலம் 50, நீரின் உயரம் 50 சென்டிமீட்டர் உள்ள தொட்டியில் 200 லிட்டர் நீர் உண்டு. இதற்கு லிட்டருக்கு 0.20 வீதம் வேண்டிய தாமிரம் 40 மில்லிகிராம். மயில்துத்தக் கல்லில் தாமிரம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே உள்ளதால், 40 மில்லிகிராம் தாமிரம் பெற 157 மில்லிகிராம் கல் தேவை. இது ஒரு கிராமில் ஆறில் ஒரு பங்கிற்கும் குறைவு. கடைத் தராசில் நிறுக்க முடியாது.

ஆதலின் கையிருப்புக் கரைசல் ஒன்று செய்து கொள்வர். தூய மயில்துத்தம் 3.93 கிராமை நிறுத்து, வாலை வடித்த நீரில் கரைத்து, மொத்தம் ஒரு லிட்டர் ஆக்கினால், அதன் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் தாமிரம் ஒரு மில்லிகிராம் இருக்கும். சிறு நிறை சரியாகக் காட்டும் தராசு இல்லாதவர் 39.3 கிராமைப் பத்து லிட்டரில் கரைக்கலாம். மேற்கண்ட தொட்டிக்கு இக்கரைசல் 40 மில்லிலிட்டர் போதும். பயிருக்கு விற்கும் மயில்துத்தத்தில் பிற உலோகக் கலப்பு இருக்கலாமாதலின், ரசாயனசாலைக்குரிய தூய சரக்கையே வாங்க வேண்டும். நன்கு நீலமாயுள்ள கல்லுக்கே இக்கணக்குப் பொருந்தும். வறுபட்டு வெளுத்துத் தூளாகிய மயில்துத்தத்தில் நீர்ச்சத்து நீங்கிவிடுவதால் அதே நிறையில் தாமிரம் மிகுதியாக இருக்கும். அதனை இக்கணக்கில் இட்டால் மீன் மடியும். கரைசல் உள்ள புட்டியின்மேல் ‘விஷம்’ என எழுதிப் பூட்டி வைக்க வேண்டும். பானம் வந்த புட்டிகளில் ஊற்றி வைத்தல் ஒருகாலும் ஆகாது.

மருந்து முழுவதையும் ஒரே வேளையில் இடுவதினும், மூன்று நாளில் ஏற்றுவது மேல். முதல் நாள் 10 மில்லிலிட்டர், இரண்டாம் நாள் 15, மூன்றாம் நாள் 15 என இடலாம். ஒவ்வொரு முறையும் மருந்தை ஒரு குவளைத் தொட்டி நீரில் கலந்து, காற்றுக் குமிழி எழும் இடத்தில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். மீன் புதிய நீருக்குப் பழகுவதற்கு இது இடம் தரும்.

கடைகளில் வேறொரு பொருளோடு பிணைத்த தாமிர மருந்துகளும் கிடைக்கின்றன. அவை நீரில் நீண்ட நாள் நிற்கும். ஆனால் அவற்றுக்குரிய அளவு வேறு, பெரும்பாலும் பன்மடங்கு மிகுதி. அவற்றின் சீட்டிலுள்ள அளவை மயில்துத்தத்துக்கும், மயில்துத்தத்தின் அளவை அவற்றுக்கும் மாற்றிக் கொள்வதால் இரு வகையிலும் கேடு விளையும். ஒரே தொட்டியில் இரண்டையும் கலத்தலும் கூடாது.

சோதனை

போர்டோக் கலவை சரியாக அமைந்ததா என அறிய, தீட்டிய கத்தியைச் சிறிது நேரம் அதில் நனைத்துச் செந்நிறம் படிகிறதா எனப் பார்ப்பது தோட்டக்காரர் வழக்கம். மீன் தொட்டியிலுள்ள சொற்பத் தாமிரத்தைக் கத்தி காட்டாது. கடல் நீருக்கென்றே செய்யப்பட்ட தாமிரச் சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கியே ஆகவேண்டும். நன்னீருக்குரியது சில வேளை பொய் கூறும். மருந்துக்கு ஆகும் செலவினும் சோதனைக்கு ஆகும் செலவு அதிகமென்று தயங்குவோர், இச்சிகிச்சையைத் தொடங்காதிருப்பதே மேல். அளக்காத தாமிரம் மருந்தன்று.

காலை ஒருமுறையும் மாலை ஒருமுறையும் சோதிக்க வேண்டும். சுவரில் படிந்தும் திப்பியாகப் பிரிந்தும் தாமிரம் தானே குறைந்து வருவது கடல் நீரின் இயல்பு. மாலைச் சோதனையில் 0.15 எனக் கண்டால், 0.20-க்கு உயர்த்த 200 லிட்டருக்கு 10 மில்லிகிராம், அதாவது கரைசல் 10 மில்லிலிட்டர் சேர்க்க வேண்டும். அழுக்கு நீரில் 50 லிட்டரை நீக்கிப் புதுக் கடல் நீர் விட்டால், புது நீருக்குரிய 10 மில்லிலிட்டர் கரைசலையும் உடனே சேர்க்க வேண்டும். இதற்கு மாறாக, வெயிலில் நீர் வற்றினால் தாமிரமும் உப்பும் ஆவியாய்ப் போகமாட்டா. நின்ற நீரில் அவை செறியும். வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீரே விட வேண்டும். அதற்கு மருந்து சேர்க்கலாகாது. கோடையில் இந்த ஒரு வேறுபாட்டை மறந்தால் நான்கு நாளில் அளவு தவறிவிடும்.

எண்ணையும் வேளையையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வர வேண்டும். மருந்து நிலை சரியாக ஏறிய நாளை முதல் நாளாகக் கொண்டு மூன்று வாரத்துக்குக் குறையாமல் அந்நிலையை விடாது காக்க வேண்டும். பின்னரும் திறக்கும் கூடுகளை எண்ணி 30 நாள் காப்பது பின்னும் உறுதி. நடுவில் ஒருநாள் 0.15-க்குக் கீழ் இறங்கியிருக்கக் கண்டால், அன்று திறந்த கூட்டின் குஞ்சுகள் மீனை அடைந்திருக்கக் கூடும். எனவே கணக்கு மறுபடியும் முதல் நாளிலிருந்தே தொடங்கும். இது கடுமையான விதி என்று தோன்றலாம். இருபதாம் நாளில் இவ்விதம் நேர்ந்தால் எவர்க்கும் மனம் சலிக்கும். ஆயினும் சலிப்பினால் விட்டவர்களின் தொட்டியிலேயே நோய் மீண்டும் தலையெடுக்கின்றது.

சிகிச்சைக் காலத்தில் கவனிக்க வேண்டியவை

தாமிரம் மீனுக்கும் ஓரளவு நஞ்சே. அது செவுளைத் தாக்கும். நோய் எதிர்க்கும் ஆற்றலையும் குறைக்கும். ஆகையால் வேறு துன்பம் எதுவும் அதனோடு சேராவண்ணம் காக்க வேண்டும். அம்மோனியாவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களையும் தாமிரம் மந்தப்படுத்துவதால், அம்மோனியாவை நாள்தோறும் சோதித்து, ஏறினால் நீர் மாற்ற வேண்டும். இரை சிறிது சிறிதாக இட்டு, எஞ்சியதை உடனே உறிஞ்சி நீக்க வேண்டும். தொட்டியின் அடியைக் காலையில் குழாய் வைத்து உறிஞ்சுவதனால், இரவில் இறங்கிய உயிர்களில் ஒரு பகுதியும் கழிவோடு வெளியேறும்.

மருந்து ஏறும் முதல் நாட்களில் மீன் இரை குறைத்தல் இயல்பு. ஆனால் பக்கவாட்டில் சாய்தல், நிலைகொள்ளாது பாய்தல், முற்றிலும் அசைவற்றுக் கிடத்தல் ஆகியவை கண்டால், முதலில் தாமிரத்தையும் அம்மோனியாவையும் சோதிக்க வேண்டும். தாமிரம் மிகுந்திருந்தால் நீரில் ஒரு பகுதியை மாற்றியோ, கரியை மீண்டும் வைத்தோ குறைக்கலாம். வெல்வெட் நோயால் மூச்சுத் திணறும் மீனை, அதே வெப்பமும் அதே காரநிலையும் உள்ள நல்ல தண்ணீரில் மூன்று முதல் ஐந்து நிமிஷம் முக்கியெடுத்தால், செவுளில் பற்றிய உயிர்களில் பல உதிரும். இது மூச்சு விட இடம் தரும் முதலுதவியே, தாமிரத்துக்குப் பதிலன்று. முக்கும் நேரத்தில் கண்ணெடுக்காமல் நின்று, மீன் துவண்டால் உடனே எடுத்துவிட வேண்டும்.

சுறா, திருக்கை இனங்கள் தாமிரத்தைத் தாங்கா. இறால், நண்டு, நத்தை, நட்சத்திர மீன், கடல் சாமந்தி முதலிய முதுகெலும்பற்ற உயிர்கள் இவ்வளவிலேயே மடியும். கோமாளி மீனைக் கடல் சாமந்தியோடு சேர்த்து வாங்குவோர், சிகிச்சைக்கு மீனை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். கொடுவா முதலிய உணவு மீன்களின் தாய் மீன்களுக்கும் இவ்வுயிர்களால் நோய் வருவதுண்டாயினும், உண்ணும் மீனுக்கு மருந்திடுவது மீன்வள வைத்தியரின் ஆலோசனையின்றிச் செய்யத்தக்கதன்று. சிகிச்சை பெற்ற அலங்கார மீனை எவரும் சமைத்தலாகாது.

நோயின் குறியே காணாத புது மீனுக்கும் தாமிரம் இட வேண்டுமா என்பதில் வல்லுநரிடையே ஒருமித்த கருத்தில்லை. கடலில் பிடித்து, பல இடத்து மீன்களோடு கலந்து வைக்கப்பட்டு வந்தவற்றுக்கு இடுவதே தக்கதெனத் தோன்றுகிறது. பொரிப்பகத்தில் பிறந்து, ஒரே இடத்திலிருந்து நேரே வந்தவற்றை நான்கு வாரம் வெறுமே காவலில் வைத்துச் சுரண்டிப் பார்த்து வந்தால் போதும்; காரணமின்றி அவற்றைத் தாமிரத்தில் நிறுத்துவானேன்?

சோதனைப் பெட்டி வாங்க வசதியற்றவர், வெண்புள்ளி நோய்க்கு மட்டும், கலம் மாற்றும் முறையைக் கையாளலாம். மூன்று நாளைக்கு ஒருமுறை மீனை முற்றிலும் உலர்த்திய வேறு தொட்டிக்குப் புதுக் கடல் நீரில் மாற்றி, இவ்விதம் நான்கு முறை செய்தால், மீனை விட்டிறங்கிய உயிர்கள் கூடு கட்டிய இடத்திலேயே கைவிடப்படும். உழைப்பு மிகுதியாயினும் மருந்தில்லாத முறை இது. வெல்வெட் நோய்க்கு இதனை நம்பலாகாது. நீரின் உப்பை லிட்டருக்கு 15 கிராம் அளவுக்குக் குறைத்து மூன்று வாரம் வைக்கும் முறையும் அவ்வாறே வெண்புள்ளிக்கு மட்டும் உதவும். வெல்வெட் உயிர் உப்புக் குறைந்த நீரிலும் செழிக்கும். உப்புக் குறைந்த நீரில் தாமிரத்தின் நஞ்சு மிகுமாதலால், இவ்விரு சிகிச்சையையும் ஒன்றுசேர்த்தல் கூடாது.

பழைய தொட்டியும் கழிவு நீரும்

நோய் ஏற்கெனவே பெருந்தொட்டியில் புகுந்துவிட்டதாயின், அதிலுள்ள மீன் அனைத்தையும் சிகிச்சைத் தொட்டிக்கு மாற்றிவிட்டுப் பெருந்தொட்டியை மீனின்றித் தரிசு போட வேண்டும். மீனில்லாவிடில், திறக்கும் கூடுகளின் குஞ்சுகள் பற்றுவதற்கு இடமின்றி மடியும். ஆறு வாரம் போதுமென்பர் சிலர். வெண்புள்ளியின் கூடு 72 நாள் கழித்துத் திறந்ததும் ஆராய்ச்சியில் காணப்பட்டிருப்பதால், 11 வாரம் விடுவதே அச்சமற்றது. பெருந்தொட்டியிலேயே தாமிரத்தை இட்டு வேலையைச் சுருக்க எண்ணுபவர், அதிலுள்ள கல்லும் மணலும் தாமிரம் ஏற, அத்தொட்டியில் இறாலோ கடல் சாமந்தியோ பின்னர் வைக்க இயலாமற் செய்து கொள்வர்.

சிகிச்சை முடிந்ததும் புதுக் கரி இட்டு, சோதனையில் தாமிரம் காணாத நிலை வரும் வரை நீரைச் சுழற்ற வேண்டும். மீனை உடனே பெருந்தொட்டிக்கு மாற்றாமல், மருந்தற்ற நீரில் மேலும் இரண்டு வாரம் காவலில் வைப்பது நன்று. எஞ்சிய கூடு இருந்தால் அக்காலத்தில் வெளிப்படும்.

அந்நீரை வாய்க்காலில் விடுவது கூடவே கூடாது. 200 லிட்டர் கடல் நீரில் உப்பு மட்டும் ஏறத்தாழ ஏழு கிலோ உண்டு. அதனை நன்செய் வரப்பில் கொட்டினால் நிலம் உவராகும். தாமிரம் நீங்காத நீரை இறால் பண்ணைக்கு நீரெடுக்கும் ஓடையிலோ, உப்பங்கழியிலோ விட்டால் இறால் குஞ்சும் நத்தையும் கெடும். அயலார் பண்ணைக்கு இவ்விதம் நேரும் சேதம் கிராமத்தில் வழக்காக மூளுமாதலின், மீன் வளர்ப்போர் கழிவு நீருக்கென்று சிமெண்டுத் தொட்டி ஒன்றைத் தொடக்கத்திலேயே கட்டி வைத்திருக்கிறார்களா எனக் கிராம அலுவலர்கள் பார்த்துக் கொள்ளலாம். கரியினால் தாமிரம் நீக்கிய நீரை அதில் விட்டு வெயிலில் வற்ற வைத்து, எஞ்சிய உப்பைப் பயிர் நிலத்துக்கும் கால்நடைக்கும் எட்டாமல் அகற்ற வேண்டும். உபயோகித்த கரியை எருக்குழியில் எறிதல் ஆகாது.

சிகிச்சைத் தொட்டிக்குரிய வலை, வாளி, உறிஞ்சு குழாய் ஆகியவற்றுக்குச் சிவப்பு வர்ணம் பூசி, அவை வேறு தொட்டிக்குச் செல்லாதபடி வைக்க வேண்டும். ஈரமான வலை ஒன்றினாலேயே கூடுகள் வரிசை முழுவதும் பரவக்கூடும். நாள்தோறும் நல்ல தொட்டிகளின் வேலையை முதலில் முடித்து, காவல் தொட்டியின் வேலையைக் கடைசியில் செய்து, கையைக் கழுவி, கருவிகளை நல்ல தண்ணீரில் அலசி நன்றாக உலர விட வேண்டும்.